ஒரு கேள்வி பின்னாடி

அந்தக் காதுல மாட்டியிருக்கிறதைக் கொஞ்சம் கழட்டிக்கோம்மா. பாட்டு கேக்குறது தப்புன்னு சொல்லல. உன் பைல ரெக்கார்டு நோட்டு எட்டிப் பாக்குது, காலேஜ் பிள்ளைன்னு தெரிஞ்சுபோச்சு. பஸ்ல காலேஜ் பிள்ளைங்க பக்கத்துல உக்காந்துட்டு என்னால வாயை மூடிக்கிட்டு வர முடியாது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம்.

நான் டாக்டர் எமிலி தங்கபுஷ்பம். தாவரவியல். கேள்விப்பட்டிருக்க மாட்ட. இந்த ஜில்லாவுலயே முதன்முதலா இருவழி வீடியோவுல பாடம் நடத்தினது யாருன்னு கேட்டா என் பேரைத்தான் சொல்லணும். ஆனா சொல்ல மாட்டாங்க. அதான் என் வயித்தெரிச்சல். கேளு.

போன வருஷம் ஜூன் மாசம் எங்க பிரின்சிபால் பொன்னையா சார் கூப்பிட்டு விட்டார். எங்க காலேஜ் கீழ, சமவெளியில இருக்கு. இதே நிர்வாகத்துக்கு மலை மேல குதிரைமேட்டுல இன்னொரு காலேஜ், பெண்கள் காலேஜ், சின்னது. அங்க தாவரவியல் மூணாம் வருஷத்துல பன்னெண்டு பிள்ளைங்க. அவங்களுக்குப் பாடம் எடுத்துட்டிருந்த அம்மா ரிட்டயர் ஆயிட்டாங்க. வேற ஆள் போடல.

"மூணாம் வருஷப் பாடம் நடக்கலன்னா அந்தப் பன்னெண்டு பேருக்கும் டிகிரி கிடையாது எமிலி. பல்கலைக்கழகத்துல கறாரா சொல்லிட்டாங்க" அப்படின்னார்.

"நான் மலைக்குப் போய் எடுக்கவா சார்?"

"வேண்டாம். நீங்க இங்கேருந்தே எடுக்கலாம். இங்க ஒரு ஸ்டுடியோ, அங்க ஒரு ஸ்டுடியோ. நீங்க அவங்களைப் பாக்கலாம், அவங்க உங்களைப் பாக்கலாம். கேள்வி கேக்கலாம், பதில் சொல்லலாம்."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நாலு பேர் இருக்கிற டிபார்ட்மெண்டுல என்னைத்தானே கூப்பிட்டார்? மத்த மூணு பேரும் முடியாதுன்னு சொல்லிட்டாங்கங்கிறது எனக்கு அப்புறம்தான் தெரியும். தெரிஞ்சா மட்டும் என்ன?

சென்னையிலருந்து கோபால்சாமின்னு ஒரு இன்ஜினியர் வந்தார். அம்பது வயசிருக்கும், பொறுமையான மனுஷன். மூணு நாள் பயிற்சி குடுத்தார். கையில ஒரு கையேடு, அறுபத்து நாலு பக்கம். நான் எதையும் அரைகுறையா செய்ய மாட்டேன்மா. அறுபத்து நாலு பக்கத்தையும் மனப்பாடம் பண்ணிட்டேன். எதைக் கேட்டாலும் பக்க நம்பரோட சொல்லுவேன். கட்டம் போட்ட சேலை கட்டக்கூடாது, டிவியில நெளியும், பக்கம் ஒன்பது. எங்கிட்ட இருந்ததுல பாதி கட்டம் போட்ட சுங்குடிச் சேலை. அத்தனையும் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன். கேமராவுக்கு முன்னாடி தரையில சிவப்பு டேப் ஒட்டி மூணு அடிக்கு மூணு அடி ஒரு கட்டம் போட்டிருந்தார். அதை விட்டு வெளிய போனா தலை தெரியாது. வகுப்புல பெஞ்சு பெஞ்சா நடந்து பாடம் எடுத்தவ நான். கட்டத்துக்குள்ள நிக்கிறதுக்கு வீட்டுச் சமையக்கட்டுல டேப் ஒட்டி ஒரு மாசம் பழகினேன். குழம்பு அடுப்புல கருகும், நான் கட்டத்தை விட்டு நகர மாட்டேன். எங்க வீட்டுக்காரர்தான் ஓடி வந்து அடுப்பை அணைப்பார்.

அடுத்தது பாடத்தைத் திருத்தி அமைக்கிறது. அதுதான் பெரிய வேலை. வீடியோவுல எல்லாம் மெதுவாப் போகும், அதனால பாடத்துல மூணுல ஒரு பங்கைக் குறைக்கணும்னு கையேட்டுல இருக்கு. எதைக் குறைக்கிறது? எனக்கு முப்பது தாவரக் குடும்பம். எல்லாம் பெத்த பிள்ளை மாதிரி. இது ஒசத்தி, அது மட்டம்னு எப்படிச் சொல்றது? யோசிச்சேன். பாடத்திட்டத்தை எடுத்து வெச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணாவதை அடி. நாலு, அஞ்சு, ஆறாவதை அடி. கண்ணை மூடிட்டு அடிச்சுட்டே போனேன். பாரபட்சமே இல்லாத முறை பாரு. அதுல ரூபியேசி போயிருச்சு. ரூபியேசின்னா காப்பிச்செடி குடும்பம். மேல பூராவும் காப்பித் தோட்டமாமே, எனக்கு அதெல்லாம் அப்போ தோணல. முறைன்னா முறைதான்.

அப்புறம் ஒவ்வொரு வகுப்புக்கும் நிமிஷவாரியா திட்டம் எழுதினேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேள்வி பதில் இருந்தே ஆகணும். நடுவுல நகைச்சுவை சேக்கலாம்னு வேற கையேட்டுல போட்டிருந்தார். சேத்தேன். 'இருபத்து ரெண்டாவது நிமிஷம், நகைச்சுவை. சிரிப்பு ஆறு வினாடி.' அப்படியே எழுதினேன். அதை அந்தப் பக்கத்துக்கும் ஒரு நகல் அனுப்பினேன், தயாரா இருக்கட்டும்னு.

அந்தப் பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு கேளு. குருவம்மாள். ஆய்வக உதவியாளர். எட்டாவது வரைக்கும் படிச்ச மனுஷி. அந்த ரிட்டயர் ஆன அம்மா கூட இருபத்திரண்டு வருஷம் சாமான் கழுவிப் போட்டுக்கிட்டு இருந்திருக்கா. இடுப்பு வலி, சாய்ஞ்சு சாய்ஞ்சு நடப்பா. டிவியைப் போடுறது, அணைக்கிறது, மைக்கைப் பிள்ளைங்க கையில குடுக்கிறது, இதுதான் அவ வேலை. அவ்வளவுதான் வேலை. இதை ஞாபகம் வெச்சுக்கோ.

முதல் வகுப்பு. செம்பருத்தி. நான் வெள்ளைச் சேலையில கட்டத்துக்குள்ள நிக்கிறேன். எங்க காலேஜ் பிள்ளைங்க நாப்பது பேர், அவங்களுக்கும் இதே வகுப்புதான், கேமராவுக்குப் பின்னாடி இருட்டுல உக்காந்திருக்காங்க. அவங்களைப் பாத்தா என் கண்ணு கேமராவை விட்டுப் போயிரும், அதனால நான் பாக்கல. டிவியில பன்னெண்டு பிள்ளைங்க, தலையெல்லாம் உளுந்து மாதிரி சின்னச் சின்னதா தெரியுது.

"செம்பருத்தியில அல்லி இதழ் எத்தனை?"ன்னு கேட்டேன்.

சத்தம் இல்ல. கையேட்டுல பக்கம் பதினேழு, அஞ்சு வினாடிக்கு மேல மௌனம் கூடாது. நான் கடிகாரத்தைப் பாத்தேன். அஞ்சு. சரின்னு அடுத்த கேள்விக்குப் போனேன். "மகரந்தத் தாள் எப்படி இருக்கு?"

"அஞ்சு மேடம்."

"அஞ்சா? நல்லா பாரும்மா, அஞ்சா இருக்கு?" அஞ்சு வினாடி. பதில் இல்ல. "சரி, சூலகத்துல அறை எத்தனை?"

"ஒண்ணா சேந்து குழாய் மாதிரி இருக்கு மேடம்."

எனக்கு வேர்த்துருச்சு. என்னடா இது, சூலகம் குழாய்ங்குது இந்தப் பிள்ளை. சமாளிச்சுக்கிட்டு, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?"ன்னேன்.

"அஞ்சு மேடம்."

"அஞ்சு பேருக்கா?"

பின்னாடி இருட்டுல நாப்பது பேரும் சிரிச்சுட்டாங்க. என் திட்டத்துல சிரிப்பு இருபத்து ரெண்டாவது நிமிஷம். இது பதினொண்ணு.

அன்னைக்குச் சாயந்தரம் உக்காந்து யோசிச்சேன். விஷயம் இதுதான். அந்தப் பக்கம் மைக்கு ஒண்ணே ஒண்ணு. நான் கேள்வி கேட்டதும் குருவம்மாள் சாய்ஞ்சு சாய்ஞ்சு நடந்து எந்தப் பிள்ளை கை தூக்கியிருக்கோ அந்தப் பெஞ்சுக்குப் போவா. குனிஞ்சு மைக்கைக் குடுப்பா. குடுக்கும்போது காதுல ஏதோ சொல்லுவா. தைரியம் சொல்றா போலன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்குள்ள நான் அடுத்த கேள்வியில இருப்பேன். கோபால்சாமிக்குப் போன் போட்டேன்.

"கேள்வி கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்க மேடம். அவ்வளவுதான்" அப்படின்னார்.

காத்திருக்கணுமாம்! பக்கம் பதினேழுல அஞ்சு வினாடின்னு அவர் கையேட்டுலயே போட்டுட்டு என்கிட்ட காத்திருக்கச் சொல்றார். சில பேருக்கு அவங்க எழுதினதே ஞாபகம் இருக்காது. பரவால்லன்னு விட்டுட்டேன்.

நானே ஒரு முறை கண்டுபிடிச்சேன். கவனமா கேளு, இது எங்கயும் கிடைக்காது. பதில் எப்படியும் ஒரு கேள்வி பிந்தித்தான் வருது. வரட்டும். அதையே விதி ஆக்கிட்டா? நான் முதல் கேள்வி கேக்கும்போது யாரும் பேசக் கூடாது. ரெண்டாவது கேள்வி கேட்டதும் முதல் கேள்விக்குப் பதில். மூணாவது கேட்டதும் ரெண்டாவதுக்குப் பதில். மௌனமே கிடையாது! ஒரு வினாடி வீணாகாது! கடைசிக் கேள்விக்கு என்ன பண்றதுன்னு கேப்ப. அதுக்கும் வழி வெச்சிருந்தேன். கடைசியா ஒரு காலிக் கேள்வி. "இன்னைக்கு என்ன கிழமை?" அதைக் கேட்டதும் கடைசிப் பதில் வந்துரும். வகுப்பு முடிஞ்சிரும்.

பிள்ளைங்களைப் பழக்க மூணு வாரம் ஆச்சு. அதுல பேச்சித்தாய்னு ஒரு பொண்ணு, முன் பெஞ்சு, கொஞ்சம் வாய்த்துடுக்கு. "மேடம், கேட்ட உடனே சொன்னா என்ன மேடம்?"னா. "முறையைக் குழப்பாதம்மா. பதில் தெரிஞ்சாலும் பொறுத்துத்தான் சொல்லணும். மீறினா இன்டெர்னல் மார்க்குல கை வைப்பேன்"னு கண்டிச்சு வெச்சேன். அப்புறம் பாரு, கோயில் மணி மாதிரி ஒழுங்கா நடந்துச்சு. எவ்வளவு பழகிட்டாங்கன்னா, வியாழக்கிழமை வகுப்பை முடிச்சுட்டு நான் வெள்ளிக்கிழமை வந்து "வணக்கம்"னு சொன்ன உடனே டிவியிலருந்து "வியாழக்கிழமை மேடம்"னு சத்தம் வரும். எவ்வளவு அக்கறை பாத்தியா?

இதை ஒரு கட்டுரையா எழுதி மதுரையில ஒரு கருத்தரங்குல வாசிச்சேன். 'ஒரு கேள்வி பின்னாடி முறை.' வாசிச்சு முடிச்சதும் அரங்கமே அமைதி ஆயிருச்சு. அப்புறம் ஒருத்தர் கை தட்டினார். பிறகு மத்தவங்க. முறையைப் புரிஞ்சுக்கிட்டுத்தான் பிந்தித் தட்டினாங்கன்னு நெனைக்கிறேன்.

பூ விஷயம் தனிக் கதை. பூவை அறுத்துப் பாக்காம வகைப்பாட்டியல் கிடையாது. அதனால திட்டத்துல எந்தப் பூ இருக்கோ அதை நான் ஈரப் பேப்பர்ல சுத்தி டப்பாவுல போட்டு பஸ்ல பார்சல் அனுப்புவேன். அது இந்த வளைவெல்லாம் சுத்திச் சுத்திப் போய்ச் சேரும்போது துவையல் மாதிரி ஆயிருக்கும். குருவம்மாள் என்ன பண்ணுவா, டப்பாவைத் திறந்து பாத்துட்டு ஓரமா வெச்சுட்டு, விடியக்காலை மலையில பறிச்ச பூவைப் பிள்ளைங்க முன்னாடி வெச்சிருப்பா. நான் இங்க ஊமத்தைன்னு சொல்வேன், அங்க பிள்ளைங்க கையில வேற ஏதோ ஊதாப் பூ இருக்கும்.

"குருவம்மா, திட்டத்துல இல்லாத பூ எதுக்கு?"

"அதே குடும்பந்தான் மேடம். இங்கன இதான் பூத்திருக்கு" அப்படிம்பா.

அதே குடும்பம்னு அவளுக்கு எப்படித் தெரியும்? ஏதோ குருட்டாம்போக்குல சரியா இருக்கும். எல்லாத் தடவையும் சரியா இருந்துச்சு, அது வேற விஷயம்.

இன்னொரு நாள் வகுப்பு முடிஞ்சு எங்க பக்கத்து டிவியை அணைக்க மறந்துட்டேன். பேப்பர் திருத்திட்டு நிமிந்து பாக்குறேன், அந்தப் பக்கம் பிள்ளைங்க யாருமே போகல. பன்னெண்டு பேரும் தரையில வட்டமா உக்காந்திருக்காங்க. நடுவுல குருவம்மாள். ஒரு தாம்பாளம் நிறைய பூவும் இலையும். ஒவ்வொருத்தி கையிலயும் பிளேடு, ஊசி. ஒண்ணரை மணி நேரம். சத்தம் கேக்கல, மைக்கை அணைச்சிருந்தாங்க. பேச்சித்தாய் எதையோ தூக்கிக் காட்டுறா, குருவம்மாள் இல்லன்னு தலையாட்டுறா, மறுபடியும் அறுக்குறா, மறுபடியும் காட்டுறா, குருவம்மாள் சிரிக்கிறா. வகுப்பு முடிஞ்சதும் குப்பையை எல்லாம் சுத்தம் பண்றாங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். என் பிள்ளைங்களுக்குச் சுத்தம் ஜாஸ்தி. எங்க காலேஜ் நாப்பது பேரும் மணி அடிச்ச உடனே ஓடிருவாங்க.

ஒரே ஒரு குறை, அந்த நகைச்சுவை. என் திட்ட நகலை வெச்சுக்கிட்டு குருவம்மாள் கடிகாரத்தைப் பாத்து இருபத்து ரெண்டாவது நிமிஷம் கையைத் தூக்குவா. பன்னெண்டு பேரும் ஆறு வினாடி சிரிப்பாங்க. ஒரு நாள் கரண்டு போய் வந்ததுல நான் ரெண்டு நிமிஷம் பிந்திட்டேன். ஊமத்தை விதையைத் தின்னு ஒரு குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போனதை நான் உருக்கமா சொல்லிட்டிருக்கேன், அந்தப் பக்கம் கலகலன்னு சிரிப்பு. சரியா ஆறு வினாடி. நிறுத்தினதும் மறுபடியும் முகத்தைச் சோகமா வெச்சுக்கிட்டாங்க. திட்டப்படி நடக்கிற பிள்ளைங்களை எப்படித் திட்டுறது?

இப்படியே வருஷம் ஓடிருச்சு. ஏப்ரல்ல செய்முறைத் தேர்வு. அது வீடியோவுல நடக்காது. பல்கலைக்கழகத்துலருந்து வெளித் தேர்வாளர் குதிரைமேட்டுக்கே வருவார், பாடம் எடுத்த ஆசிரியரும் உள்தேர்வாளரா பக்கத்துல உக்காரணும். வந்தவர் டாக்டர் நடேச பாண்டியன். ரொம்பக் கோபக்காரர்னு பேர். அவர் போடுற மார்க்குலதான் அந்தப் பன்னெண்டு டிகிரியும் இருக்கு. அதுல நாலு பிள்ளைங்களுக்கு டிகிரி வரலன்னா கல்யாணம்னு வீட்டுல சொல்லி வெச்சிருந்தாங்களாம், குதிரைமேட்டு காலேஜ் பிரின்சிபாலம்மா சொன்னாங்க.

அன்னைக்குத்தான் நான் முதல் தடவையா அவங்களை நேர்ல பாத்தேன். டிவியில உளுந்து அளவுக்கு இருந்தவங்க. பேச்சித்தாய் என்னை விட ஒரு சாண் உசரம்மா! நான் அவளைச் சின்னப் பொண்ணுன்னு நெனச்சிருந்தேன். அவங்களும் என்னை அதே ஆச்சரியத்தோடதான் பாத்தாங்க. ஒருத்தி என் காலையே பாத்துக்கிட்டு இருந்தா. இடுப்புக்குக் கீழ எனக்கு உடம்பு இருக்கும்னு அவ நெனக்கவே இல்ல போல.

முதல்ல பேச்சித்தாய்தான் வந்தா. நான் தேர்வாளர் பக்கத்துல நிமிந்து உக்காந்திருக்கேன். அவ என்னைப் பாத்தா. நான் தலையை ஆட்டினேன், தைரியமா சொல்லுன்னு.

"பேர் என்னம்மா?"ன்னார் அவர்.

பேச்சித்தாய் வாயைத் திறக்கல.

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, மேசையில இருந்த பூவைக் காட்டி, "சரி, இது என்ன பூ?"ன்னார்.

"பேச்சித்தாய் சார்."

"என்னது?"

"தும்பைப் பூ சார்."

"ஏம்மா, நக்கலா? இது எந்தக் குடும்பம்?"

"நக்கல் இல்ல சார்."

"தண்டு எப்படி இருக்கும்?"

"லேமியேசி சார்."

எனக்குப் பெருமை தாங்கல. ஒரு அட்சரம் பிசகல பாரு! மைக் இல்ல, டிவி இல்ல, நேர்ல, புது ஆள் முன்னாடி, அப்பவும் முறை தவறல. அவர் முகம் சிவந்துட்டே போச்சு. அடுத்தவளைக் கூப்பிட்டார். அவளும் அப்படியே. மூணாவது ஆள்கிட்ட, "நீயாவது ஒழுங்கா சொல்லுவியா?"ன்னார். அவ பேசாம நின்னா. "உக்காரு போ"ன்னார். "சொல்லுவேன் சார்"னுட்டு உக்காந்துட்டா.

பேனாவை மூடி வெச்சுட்டார். "இதுங்களுக்கு ஒண்ணுமே தெரியல. பேரைக் கேட்டா முழிக்குது, பூவைக் கேட்டா பேரைச் சொல்லுது. பன்னெண்டும் ஃபெயில். நான் மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

பிள்ளைங்க முகமெல்லாம் பேயறைஞ்ச மாதிரி ஆயிருச்சு. ஒருத்தி அழ ஆரம்பிச்சுட்டா. நான் சும்மா இருப்பேனா? எந்திரிச்சு நின்னு முறையை விளக்கினேன். முதல் கேள்வி, மௌனம், ரெண்டாவது கேள்வி, முதல் பதில், காலிக் கேள்வி, கிழமை, எல்லாத்தையும் சொன்னேன். கரும்பலகையில படம் கூட வரைஞ்சேன். அவர் என்னையே பாத்துக்கிட்டு இருந்தார். "மேடம், இதை நீங்களேவா கண்டுபிடிச்சீங்க?"ன்னார். "ஆமா சார்"னேன். தலையில கையை வெச்சுக்கிட்டார். அந்த அளவுக்கு வியப்பு.

அப்பதான் குருவம்மாள் உள்ள வந்தா. கையில பூத் தாம்பாளம். அவர்கிட்ட குனிஞ்சு சொன்னா. மெதுவாத்தான் சொன்னா, ஆனா என் காதுல விழுந்துச்சு.

"ஐயா, பிள்ளைங்களுக்கு எல்லாம் தெரியும். மேடத்தைப் பாத்துட்டா மேடம் சொல்லிக் குடுத்த மாதிரிதான் பேசும். அவ்வளவு பயபக்தி."

கேட்டியா? ஒரு ஆய்வக உதவியாளர் வாயிலருந்து இப்படி ஒரு பாராட்டு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. உடனே என் பக்கம் திரும்பி, "மேடம், மலை குளிர் ஒத்துக்காது. அடுத்த ரூம்ல சுக்குக் காப்பி போட்டு வெச்சிருக்கேன். சூடா குடிச்சுட்டு மெதுவா வாங்க"ன்னா.

"தேர்வு நடக்கும்போது எப்படி..."ன்னேன்.

"போங்க மேடம். தயவுசெஞ்சு போங்க" அப்படின்னார் நடேச பாண்டியன். அவ்வளவு மரியாதையா ஒரு வெளித் தேர்வாளர் என்கிட்டப் பேசினது அதுதான் முதல் தடவை.

போனேன். காப்பி, முறுக்கு, அப்புறம் ஒரு வாழைப்பழம். ஒண்ணு முடிய ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கு. எந்திரிக்கப் போனா அந்த பிரின்சிபாலம்மா வந்து பக்கத்துல உக்காந்து வீட்டுல என் பிள்ளைங்க என்ன படிக்கிறாங்கன்னு விசாரிக்கிறாங்க. ரெண்டு மணி நேரம். திரும்பப் போறேன், நடேச பாண்டியன் மூணு மணி பஸ்ஸை விட்டுட்டு உக்காந்திருக்கார். மேசை பூரா பூ. சிரிச்சுக்கிட்டு இருக்கார்! காப்பிப் பூ ஒண்ணைக் கையில வெச்சுக்கிட்டு பேச்சித்தாயோட வாக்குவாதம். அவ டக்கு டக்குன்னு பதில் சொல்றா. நான் வாசல்ல நிக்கிறதைப் பாத்தா. பட்டுன்னு வாயை மூடிக்கிட்டா.

பன்னெண்டு பேரும் பாஸ். ஏழு பேர் முதல் வகுப்பு. "காப்பிப் பூவை மூணு பொண்ணுங்க ஒரு தப்பு இல்லாம அறுத்துக் காட்டினாங்க மேடம்"ன்னார். ரூபியேசி! நான் அடிச்ச குடும்பம்! நடத்தாத பாடத்தையே அவங்க சரியா சொல்லியிருக்காங்கன்னா, நடத்தின பாடத்தை எவ்வளவு அழுத்தமா நடத்தியிருக்கேன்னு பாத்துக்கோ. எல்லாம் நான் வெளிய போறதுக்கு முன்னாடி கரும்பலகையில போட்ட படத்தோட பலன். முறையைப் புரிஞ்சுக்கிட்டார், சரியா கேட்டார், சரியா பதில் வந்துச்சு.

எங்க காலேஜ் நாப்பது பேரா? அதுல இருபத்து மூணு பேர் ஃபெயில். அவங்க என் பக்கத்துலயே இருந்தவங்க. நேர்ல பாடம் எடுத்தா அப்படித்தான்மா, மண்டையில ஏறாது. வீடியோதான் சரின்னு ஆண்டறிக்கையில எழுதிக் குடுத்தேன். பிரின்சிபால் அந்தப் பக்கத்தைக் காணாமப் போக்கிட்டார்.

நான் சொல்ல வந்த வயித்தெரிச்சல் இனிமேதான். கையேட்டோட கடைசிப் பக்கத்துல மாணவர் கருத்துப் படிவம். பன்னெண்டு பேருக்கும் அனுப்பி, நிரப்பி எனக்கே தபால்ல வந்துச்சு. நான்தான் பாத்து மேல அனுப்பணும். முதல் கட்டம், 'இந்தப் பாடத்தை உங்களுக்குக் கற்பித்தவர் பெயர்.' நான் சந்தோஷமா பிரிக்கிறேன். முதல் படிவத்துல, 'குருவம்மாள் அக்கா.' ரெண்டாவதுல, 'குருவம்மாள்.' மூணாவதுல, 'திருமதி குருவம்மாள் அவர்கள்.' பன்னெண்டுலயும்மா! ஒண்ணுல கூட என் பேர் இல்ல.

எங்க வீட்டுக்காரர் எட்டிப் பாத்துட்டு, "எமிலி, பன்னெண்டு பேரும் ஒரே பேரை எழுதியிருக்காங்களே"ன்னார். "அவசரத்துல கட்டத்தை மாத்தி எழுதிருச்சுங்க. மைக் குடுத்தவர் பேரைக் கேட்டிருக்குன்னு நெனச்சிருப்பாங்க"ன்னேன். அவர் பேப்பரை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டார்.

நான் சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொண்ணா அடிச்சுட்டு மேல என் பேரை எழுதினேன். டாக்டர் எமிலி தங்கபுஷ்பம். டாக்டர் எமிலி தங்கபுஷ்பம். பிள்ளைங்க தப்பா எழுதினா திருத்துறதுதானே வாத்தியார் வேலை? பதினோரு படிவம் முடிஞ்சுது. கடைசி, பேச்சித்தாயோடது. அதுல கீழ, 'வேறு ஆலோசனைகள்'னு ஒரு கட்டம். மத்த யாரும் அதை நிரப்பல. அவ எழுதியிருந்தா, 'மேடம் ஒரு நாள் எங்க கூட வந்து உக்காந்து பாடம் கேக்கணும்.'

பாடம் எடுக்கணும்னு எழுத வந்தவ பாடம் கேக்கணும்னு எழுதிட்டா. ஒரு எழுத்துப் பிழை. ஒரு வார்த்தையை அடிச்சா சரியாயிரும். பேனாவை அதுமேல கொண்டு போனேன். அப்படியே எவ்வளவு நேரம் வெச்சிருந்தேன்னு தெரியல. மை சொட்டி அந்தக் கட்டத்துக்குப் பக்கத்துல ஒரு பொட்டு விழுந்துருச்சு. மூடியைப் போட்டுட்டு எந்திரிச்சு முகம் கழுவப் போயிட்டேன். அந்த ஒரு படிவத்தை நான் மேல அனுப்பல. என் பைலதான் இருக்கு. அதுல மேல இருக்கிற பேரையும் இன்னும் திருத்தல.

நேத்து குருவம்மாளுக்குப் போன் போட்டேன். இன்னைக்கு மார்க் ஷீட் வாங்கப் பன்னெண்டு பேரும் வராங்களாம். சாயந்தரம் வரைக்கும் இருப்பாங்களாம், மலை பூரா குறிஞ்சியோ என்னமோ பூத்திருக்காம், அதைப் பாக்கணுமாம்.

"நானும் வரேன்"னேன்.

"வாங்க மேடம். நாற்காலி எங்கன போடட்டும்? முன்னாடி மேசைப் பக்கமா?"

எனக்குச் சட்டுன்னு பதில் வரல. அவளும் அவசரப்படுத்தல. சும்மா இருந்தா. அஞ்சு வினாடி தாண்டிருச்சு, பத்து தாண்டிருச்சு, ரெண்டு பேரும் போனைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு விட்டுக்கிட்டு இருக்கோம்.

"நாற்காலி வேண்டாம், குருவம்மா. நீங்கள்லாம் தரையிலதானே உக்காருவீங்க? நானும் அங்கேயே உக்காந்துக்கிறேன்"னேன்.

"சரி மேடம்"னா. அப்புறம், "வரும்போது ஒரு பிளேடு எடுத்துட்டு வாங்க. இங்க பன்னெண்டுதான் இருக்கு"ன்னா.

இதோ, குதிரைமேடு வந்துருச்சு. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கோம்மா, நான் இறங்கணும்.